எங்கப்பன் குதிருக்குள் இல்லை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற பழமொழியை உங்களில் பலருக்கு நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார். அப்பா ஓடிப்போய்க் குதிருக்குள் ஒளிந்துகொள்கிறார். யாராவது கேட்டால் அப்பா இல்லை என்று சொல் எனப் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். பிள்ளை வெள்ளை மனசு. "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று சொல்லிவிடுகிறது. மறைக்கப் போய்க் காட்டிக் கொடுப்பவர்களைக் கிண்டல் செய்ய இன்றும் மேடையிலும் டி.வி. விவாதத்திலும் இதைச் சொல்கிறார்கள்.

ஆனால் குதிர் என்றால் என்ன? பணியின் கடைசி ஆண்டுகளில் இதைக் கேட்டால், "குதிரை சார்" என்றுதான் பதில் வரும். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. கண்ணால் பார்க்காத பொருளின் பெயர் வாயில் எப்படி நிற்கும்? பழமொழி மட்டும் உயிரோடு இருக்கிறது, அது பேசுகிற பொருள் போய்விட்டது. அந்தப் பொருளைப் பற்றியும், அதை ஓவியத்திலும் கதையிலும் காப்பாற்றியவர்களைப் பற்றியும்தான் இந்தப் பதிவு.

குதிர் என்பது வீட்டுக்குள் தானியம் சேர்த்து வைக்கும் மண் கூடு. களிமண்ணோடு வைக்கோலும் உமியும் சேர்த்து மிதித்து, வளையம் வளையமாக உறை செய்து காயவைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளை மண்ணால் பூசி எழுப்புவார்கள். மேலே நெல் கொட்ட வாய். அடியில் நெல் எடுக்க ஒரு சிறு துளை, அதற்குத் துணியோ மரக்கட்டையோ அடைப்பு. அடைப்பை எடுத்தால் நெல் தானாகச் சரிந்து வரும். பூச்சி வராமல் இருக்க நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு வைப்பார்கள். கொட்டி நிரப்பியதும் மேல்வாயை மண்ணும் சாணமும் வைத்து மெழுகி மூடிவிடுவார்கள். பொங்கல் வந்தால் வீட்டுச் சுவரோடு குதிருக்கும் சுண்ணாம்பு, காவி, மஞ்சள், குங்குமம் எல்லாம் உண்டு. அப்படிப் பார்த்தால் முதலில் குதிரின் மேலேயே ஓவியம் இருந்தது. வரைந்தவர்கள் நம் பாட்டிமார்கள்.

ஊருக்கு ஊர் பெயர் மாறும். மூங்கிலில் பின்னிச் சாணமும் மண்ணும் பூசியதை நம் வட மாவட்டங்களில் தொம்பை என்பார்கள். தெற்கே கரிசல் காட்டில் குலுக்கை. தஞ்சைப் பக்கம் மரத்தால் செய்தது பத்தாயம். வெளியே களத்தில் வைக்கோல் புரி சுற்றிக் கட்டியது சேர். நம் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் காதெ. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி உள்ளிட்ட நம் பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதனால் நம் வீடுகளில் ஒரே பொருளுக்கு இரண்டு மொழியில் பெயர் இருக்கும். இரண்டையும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு பெயர் உங்களில் பலருக்கு நன்றாகத் தெரியும். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தினமும் "குடோன், குடோன்" என்கிறீர்களே, அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் நம் "கிடங்கு", தெலுங்கு "கிட்டங்கி" என்று சொல்லாராய்ச்சி செய்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் சொல் மலாய் நாட்டு வழியாகக் கப்பலேறிப் போய் ஆங்கிலமாகித் திரும்பி வந்திருக்கிறது. சொல் திரும்பி வந்தது. பொருள் வரவில்லை.

ஏன் போயிற்று? யாரோ ஒருவர் செய்த குற்றம் அல்ல, பல காரணங்கள் ஒன்று சேர்ந்தன. பழைய சம்பா நெல் ஐந்து ஆறு மாதப் பயிர். ஆண்டுக்கு ஒரு அறுவடை என்றால் அடுத்த அறுவடை வரை வீட்டில் நெல் இருந்தாக வேண்டும். குதிர் இல்லாமல் முடியாது. 1966-இல் ஐ.ஆர். 8 வந்தது. நாலரை மாதத்துக்குள் கதிர் அறுக்கலாம், தண்ணீர் இருந்தால் இரண்டு போகம். ஆனால் அதற்கு உரமும் மருந்தும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் கடனை அடைக்க, அறுத்த கையோடு நெல்லை விற்க வேண்டும். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான். 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. களத்து நெல் கொள்முதல் நிலையத்துக்கும் ரைஸ்மில்லுக்கும் போனது. அரிசி ரேஷன் கடையிலிருந்து பையில் வந்தது. கூலியும் நெல்லிலிருந்து காசுக்கு மாறியது. பசித்த வயிற்றுக்கு ரேஷன் அரிசி செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குதிரின் வேலை அதோடு முடிந்துவிட்டது.

நம் பொதட்டூர்பேட்டையோ தறிச் சத்தத்துக்குப் பேர் போன ஊர். ஒரு வீட்டில் தறியும் சுற்றுக் கிராமத்தில் கொஞ்சம் நிலமும் என்று இருந்த குடும்பங்கள் பல. விசைத்தறி வைக்க இடம் வேண்டும். கூரை வீட்டைப் பிரித்து மாடி வீடு கட்ட வேண்டும். அப்போது முதலில் உடைபடுவது குதிர்தான். காரணம் எளிது. பெரிய குதிரை வீட்டுக்குள் வைத்தே எழுப்பினார்கள். அது வாசலைவிடப் பெரியது. முழுசாக வெளியே எடுக்க முடியாது. உரலையும் அம்மியையும் கொல்லையில் போட்டு வைக்கலாம், மரக்காலைப் பரணில் வைக்கலாம். குதிரை மட்டும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைத்த மண் ஒரு மழைக்குக் கரைந்து போகும்.

அப்படியானால் நம் நாட்டில் பழைய களஞ்சியமே மிச்சமில்லையா என்றால், இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் பாலைவனநாதர் கோயிலுக்குள் ஒரு நெற்களஞ்சியம் நிற்கிறது. 1600-க்கும் 1634-க்கும் இடையில் தஞ்சை நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டியது. வட்டமான அடி, மேலே கூம்பிக்கொண்டு போகும் கூரை. உயரம் 35 அடி, கொள்ளளவு 3000 கலம். ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். அப்படியானால் 36,000 மரக்கால் நெல். தமிழக அரசின் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துள்ளது. ஸ்ரீரங்கம் கோயிலிலும் தாயார் சன்னதிப் பக்கம் பெரிய வட்ட வடிவக் களஞ்சியங்கள் இருக்கின்றன. போனால் சாமி கும்பிட்ட கையோடு அவற்றையும் சுற்றிப் பாருங்கள்.

ஆனால் கவனியுங்கள். நின்றவை எல்லாம் அரசனுடையதும் கோயிலுடையதும்தான். செங்கல்லும் சுண்ணாம்பும் இருந்தவர்களின் களஞ்சியம் 400 ஆண்டுகள் நின்றது. மண்ணால் செய்த உழவன் வீட்டுக் குதிர் 40 ஆண்டுகள்கூட நிற்கவில்லை. உழவன் வீட்டுக் குதிருக்குத் தொல்லியல் துறை கிடையாது. அதைக் காப்பாற்றியவர்கள் கவிஞர்களும் கதை சொன்னவர்களும் படம் வரைந்தவர்களும்தான்.

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குதிர்ப் படம் சொல்லால் வரைந்தது. அதுவும் நம் தொண்டை மண்டலத்துப் படம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், உழவர் வீட்டுத் தானியக் கூடுகள் வருகின்றன. ஏணி வைத்தாலும் எட்டாத உயரம், உச்சியைத் திறந்து கொட்டி நிரப்பிய பழைய தானியம், எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் மூத்துப்போன கூடு என்று காட்டுகிறார். அதே வீட்டுக்கருகில் சிறுதேர் உருட்டி விளையாடும் பிள்ளைகளையும் காட்டுகிறார். கூட்டின் உயரத்தை அடிக்கணக்கில் சொல்லாமல் ஏணியை வைத்துச் சொன்னார் பாருங்கள், படிக்கிற நாமும் அண்ணாந்து பார்க்கிறோம்.

நம் காலத்தில் இந்த வேலையைச் செய்தவர் கி. ராஜநாராயணன். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல்காரர். விவசாயி. பள்ளிப் படிப்பைக்கூட முழுசாக முடிக்காதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்து வருகைதரு பேராசிரியராக வைத்துக்கொண்டது. 1976-இல் வந்த "கோபல்ல கிராமம்", தெலுங்கு பேசும் குடும்பங்கள் தெற்கே போய்க் காடு திருத்திக் கழனியாக்கிய கதை. நம் பக்கத்து வீடுகளில் படித்தால் சொந்தக் கதை போல இருக்கும். அந்த வட்டாரத்துச் சொற்களையெல்லாம் திரட்டி அகராதியும் போட்டார். குலுக்கை, கலப்பை, மாடு, மழை, விதை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை. அவர் ஜூனியர் விகடனில் "கரிசல் காட்டுக் கடுதாசி" எழுதியபோது கோட்டோவியம் போட்டவர் ஓவியர் ஆதிமூலம். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர், 2008-இல் மறைந்தார். நாலு கோட்டில் ஒரு சம்சாரியின் முகத்தில் வெயிலும் கவலையும் வந்துவிடும். எழுத்து ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்துதான் எங்கள் தலைமுறைக்குக் கரிசல் காட்டைக் கண்ணில் காட்டின. நம்மில் பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஆனாலும் அந்த ஊர் நமக்குத் தெரியும்.

அடுத்தவர் ஓவியர் எஸ். இளையராஜா. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகளில் படித்தவர். கிராமத்து வீட்டின் தூண், கதவு, அடுப்படி, ஜன்னல் வழியே விழும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் ஒரு பெண் என்று எண்ணெய் வண்ணத்தில் வரைவார். புகைப்படம் என்றே பலர் நினைத்துப் பகிர்ந்திருக்கிறார்கள். இடித்துக்கொண்டிருந்த வீடுகளுக்குள்தான் அவர் தூரிகையை எடுத்துக்கொண்டு போனார்.

2021 மே 17 அன்று கி.ரா. புதுச்சேரியில் காலமானார். மூன்று வாரம் கழித்து, ஜூன் முதல் வாரத்தில், இளையராஜா கொரோனாவில் போய்விட்டார். ஒருவர் நூறை நெருங்கிய பெரியவர், இன்னொருவர் நாற்பதைச் சற்றே தாண்டியவர். அந்த இரண்டு செய்திக்கும் நடுவே நம் ஊர்களில் எத்தனை தாத்தா பாட்டிகள் போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும். எடுத்துப் போகவும் ஆள் இல்லாத நாட்கள் அவை. அவர்கள் ஒவ்வொருவரோடும் ஒரு குதிரின் கதையும் போயிற்று.

வீட்டையே பெயர்த்து வைத்துக் காப்பாற்றும் முயற்சியும் உண்டு. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா 1996-இல் திறக்கப்பட்டது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். தஞ்சை விவசாயி வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, கேரளத்து மரக் களஞ்சியம் எல்லாம் பார்க்கலாம். மரம் என்பதால் பிரித்துக் கோத்துவிடலாம். மண்ணை அப்படிச் செய்ய முடியாது.

இதுவரை சொன்னது பெருமை. இனி ஒரு எச்சரிக்கை.

படம் அழகாக இருக்கும், அதுதான் அதன் ஆபத்தும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டிலும் தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகப் படத்தொகுதிகள் வரைந்து கொடுத்தார்கள். கம்பெனி ஓவியங்கள் என்று அவற்றுக்குப் பெயர். உழவன், குயவன், நெசவாளி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கணவன், ஒரு மனைவி, கையில் ஒரு கருவி. உடையும் கருவியும் துல்லியம். ஆனால் அந்த உழவன் சாப்பிட்டானா என்று படம் சொல்லாது.

அதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு படம் சொல்கிறேன். பிரான்ஸ் நாட்டில் ழான் பிரான்சுவா மில்லே என்ற உழவர் வீட்டுப் பிள்ளை 1857-இல் வரைந்தது. இன்று பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூரத்தில் மலை மலையாகப் போர், வண்டி நிறையக் கதிர், குதிரை மேல் ஒரு கண்காணி. எதிரே பெரிதாக மூன்று பெண்கள், குனிந்து உதிர்ந்த கதிரைப் பொறுக்குகிறார்கள். போரைத் தூரத்தில் சின்னதாக்கி, பொறுக்குகிற கையைப் பெரிதாக்கிவிட்டார் மில்லே. அன்றைக்குப் பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். கதிர் பொறுக்குவது நமக்கும் தெரியாததா என்ன?

இப்போது பழமொழிக்கு வாருங்கள். குதிர் நிறைய நெல் இருந்தால் அப்பா அதற்குள் எப்படி ஒளிய முடியும்? அந்தக் குதிர் காலி. நெல் இல்லாததால்தான் கடன், கடன் இருப்பதால்தான் ஒளிவது, காலியாக இருப்பதால்தான் ஒளிய இடம். வகுப்பில் நாம் எல்லோரும் சிரித்தோமே, அந்தச் சிரிப்புக்குள் ஒரு குடும்பத்தின் பஞ்சம் இருக்கிறது. எந்த ஓவியரும் வரையாத காலிக் குதிரை ஒரு வரிப் பழமொழி காப்பாற்றி வைத்திருக்கிறது. குதிரின் வடிவத்தை ஓவியம் காக்கும். அதில் நெல் இருந்ததா, யாருக்கு அளந்தார்கள் என்பதைக் கதைதான் காக்கும். அதனால் ஒன்று மட்டும் போதாது, இரண்டும் வேண்டும்.

யாருக்கு அளந்தார்கள் என்பதற்கு நம் பக்கத்திலேயே பழைய கணக்கு உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற அதிகாரி செங்கல்பட்டு ஜாகிரின் சுமார் 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி ஊர்கள் பலவும் அந்த ஜாகிருக்குள் அடக்கம். காந்தியவாதி அறிஞர் தரம்பால் எடுத்துக் காட்டிய பிறகு அந்த ஆவணங்கள் பரவலாகத் தெரியவந்தன. நெல் வீட்டுக்கு வருமுன்பே களத்துமேட்டில் கோயிலுக்கு, ஏரிக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியாருக்கு என்று பங்கு பிரிந்ததை அதில் காணலாம். எல்லோருக்கும் பங்கு இருந்தது என்று மகிழலாம். எல்லோருக்கும் ஒரே அளவா என்றும் கேட்க வேண்டும். சேற்றில் இறங்கி நின்றவருக்கு மரக்கால் தலைதட்டி அளந்ததா, கோபுரமாக அளந்ததா என்பது சின்ன விஷயம் அல்ல. நெல் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் பகையில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். குதிரை வரையும்போது பக்கத்தில் மரக்காலையும் வரையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, வாத்தியார் பதிவு போட்டால் வீட்டுப்பாடம் இல்லாமல் இருக்குமா? வரும் பொங்கலுக்கு நாலு நாள் லீவில் எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். அப்போது ஒரு வேலை.

வீட்டில் இருக்கும் மூத்தவர் பக்கத்தில் பிள்ளைகளோடு உட்காருங்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். நம் வீட்டுக் குதிர் எந்த மூலையில் இருந்தது? உங்கள் தோள் வரைக்குமா, உத்தரம் வரைக்குமா? எத்தனை உறை? யார் செய்தது, விலை காசா, நெல்லா? என்ன நெல் கொட்டினார்கள்? தமிழில் என்ன பெயர், தெலுங்கில் என்ன பெயர்? எந்த மாதம் காலியாகும்? காலியானால் யார் வீட்டில் போய்க் கேட்டோம்? நம் வீட்டில் வந்து கேட்டவர் யார், அவர் திண்ணையில் உட்கார்ந்தாரா, தெருவில் நின்றாரா? கடைசியில் எந்த வருஷம், யார் உடைத்தது?

அவர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் வரையட்டும். படம் கோணலாக இருந்தால் பரவாயில்லை. "இல்லடா, வாய் இவ்வளவு பெருசு இல்ல, இங்க ஒரு துளை இருக்கும்" என்று அந்தப் பெரியவரே பென்சிலை வாங்கித் திருத்துவார். அப்படித் திருத்திய படம்தான் சரியான ஆவணம். அளவை அடியில் குறியுங்கள். படத்துக்குக் கீழே சொன்னவர் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். நிலம் இருந்த வீட்டில் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அந்த நிலத்தில் கூலிக்கு நட்டவர் வீட்டிலும், பறித்தவர் வீட்டிலும் போய்க் கேளுங்கள். குதிரே இல்லாத வீடுகளில் நெல்லை எதில் வைத்தார்கள், எத்தனை நாளைக்கு இருந்தது என்பதும் வரலாறுதான். பழைய வீட்டின் போட்டோ கல்யாண ஆல்பத்தில் பின்னணியில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

நம் சுற்று வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைந்த நிலத்தில் பிளாட் கல் நடுகிறார்கள். அதை நிறுத்த என்னால் ஆகாது. அங்கே கட்டும் வீட்டில்தான் உங்கள் பிள்ளைகளும் நாளைக்கு இருக்கப் போகிறார்கள், நன்றாக இருக்கட்டும். ஆனால் குதிருக்குள் கையை விட்டு நெல் அள்ளியவர்களில் இன்று நம்மோடு இருப்பவர்கள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பொங்கலுக்கு, அதற்கடுத்த பொங்கலுக்கு என்று தள்ளிப் போட இதில் நாள் இல்லை.

வரைந்ததை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மாமாக்கள், அத்தைகள், சித்தப்பாக்களுக்கும் இதே வீட்டுப்பாடம்தான், வயசைச் சொல்லித் தப்பிக்க முடியாது. மதிப்பெண் உண்டு. படத்துக்கு ஐந்து, கதைக்கு ஐந்து. மரக்காலை வரைய மறந்தவர்களுக்கு இரண்டு மதிப்பெண் குறைப்பேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
பொதட்டூர்பேட்டை